மூடிய இமைமேல்

சோடாப் போத்தல் வெடித்ததென்றார்.
கிண்ணியாப் பாலம் கடந்து முதல் பஸ்ஸில் வந்தவர்,
மீராமுகைதீன், வயது நாற்பத்தெட்டு, வலக்கண்.
காயம் தைத்து ஒன்பது நாள்.
முன்னால் வில்லை பாலாய்த் திரைந்திருந்தது,
அதற்குப் பின்னால் ரத்தம்.
டோர்ச் வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது.

வெளிச்சம் போகாத வீட்டுக்குள்
சத்தத்தை அனுப்புவது என் வேலை.

இமையை மூடச் சொல்லி
குளிர்களியைத் தாராளமாய் வைத்தேன்.
மயிரளவு காற்று இடையில் புகுந்தாலும்
ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.
"கூசுதா?"
"ஐஸ்பெட்டிக்குள்ள கைவிட்டமாதிரி."
அழுத்தவில்லை. தைத்த கண்ணுக்கு
என் கையின் பாரமே அதிகம்.

நொடிக்கு ஒரு கோடி அதிர்வு.
எந்தக் காதுக்கும் எட்டாத சத்தம்
போகிறது, முட்டுகிறது,
முட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பி வருகிறது.
எவ்வளவு பிந்தி வந்ததோ அவ்வளவு ஆழம்.
எவ்வளவு பலமாய் வந்ததோ அவ்வளவு வெள்ளை.
ஒன்றிலும் முட்டாத இடம் கறுப்பு:
நல்ல கண்ணின் நடுப்பகுதி அப்படித்தான்,
காற்று விழுந்த இரவில் உட்துறைமுகம்.

இவருடையதில் மழை பெய்துகொண்டிருந்தது.

"மேலே பாருங்கோ." கருவியைக் கீழே வைத்தேன்.
"கீழே." மேலே வைத்தேன்.
"மூக்குப் பக்கம்." காதோரம்.
பார்வை போகும் திசைக்கு எதிரே நின்றால்தான்
பின்சுவர் அகப்படும்.
கருவியின் கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு,
அது எந்தப் பக்கம் என்பதை மறந்தால்
மேலெது கீழெது என்று திரைக்கே தெரியாது.
முதல் மாதம் இரண்டு தரம் மறந்திருக்கிறேன்.

அவர் இடக்கண்ணால் திரையைப் பார்த்துவிட்டார்.
"எங்கட போட்டிலயும் இந்த மிசின் கிடக்கு.
அடியில வெள்ளையா வளையிறது தரை.
நடுவில என்ன, வலையா?"

அந்த வலைதான் என்னையும் பயமுறுத்தியது.
விழித்திரை கழன்றிருந்தால்
நரம்பின் வாயில் அடி கட்டுண்டு
புனல்போல் விரிந்து நிற்கும்.
கண்ணை அசைத்து நிறுத்தச் சொன்னேன்.
கண் நின்றது. சவ்வு நிற்கவில்லை,
அலை போன பிறகும் ஆடும் பாசிபோல ஆடியது.
விழித்திரை அவ்வளவு லேசாய் ஆடாது.
ஆனாலும் குமிழைத் திருப்பினேன்,
தொண்ணூறு, எண்பது, எழுபது டெசிபெல்.
மழை முதலில் விட்டது.
அறுபத்தைந்தில் சவ்வும் அழிந்தது.
பின்சுவர் முழுதாய், வளைவு குலையாமல்.

நான் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

ஒரு புள்ளி மட்டும் போகவில்லை.
ஐம்பதிலும் வெள்ளை. நாற்பதிலும்.
அதன் பின்னால் நீளமாய் ஒரு கறுப்பு,
ஒலி தாண்டமுடியாத ஏதோவொன்றின் நிழல்.

கண்ணாடியும் இப்படித்தான் மின்னும், இரும்பும்.
எதுவென்று ஒலி சாட்சி சொல்லாது,
சி.டி.க்கு எழுதவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மீன் வாங்கும்போது
நான் முதலில் பார்ப்பது அதன் கண்ணை.
உள்ளே ரத்தம் கட்டியிருந்தால்
விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்கமாட்டேன்.
யாரும் ஏனென்று கேட்பதில்லை,
விற்பவரும்.

"கண்ணாடித் துண்டாயிருக்கலாம்" என்றேன்.
அவர் கனநேரம் பேசவில்லை.
யன்னலுக்கு வெளியே மானொன்று
யாருடையதோ கிளினிக் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது.
"கண்ணாடி இல்ல, மகள்."
அவ்வளவுதான் சொன்னார்.

எழுதினேன்: வலக்கண். ஆறு மணித் திசை.
இரண்டு தசம் ஒரு மில்லிமீற்றர்.
விழித்திரை ஒட்டியுள்ளது.
சம்பவம் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
பிறகு, நோயாளி கூறியபடி, என்று எழுதி
எது கூறினாரென்று எழுதாமல் விட்டேன்.

களியைத் துடைக்கத் துணி கொடுத்தேன்.
ஒன்றும் படாத இடக்கண்ணையும்
சேர்த்துத் துடைத்தார்.